சின்சினாட்டி: இடிப்பதற்கு முன் எடுத்த படங்கள்

3 பிப்ரவரி 2024, ஒரு வாசகரின் கேள்வி

பழைய அமெரிக்க நகரங்களின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் போட்டு எல்லோரும் உருகுகிறார்கள். சின்சினாட்டியின் வெஸ்ட் எண்ட் பகுதிப் படங்களை நேற்று பார்த்தேன். சுவரெல்லாம் காரை பெயர்ந்து, படி உடைந்து, சந்தெல்லாம் குப்பை. சேரிதான், படத்திலேயே தெரிகிறதே. இடித்துவிட்டு ஹைவேயும் தொழிற்பேட்டையும் கட்டியதால்தான் அந்த ஊர் பிழைத்தது. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

4 பிப்ரவரி

"படத்திலேயே தெரிகிறதே" என்கிறீர்கள் பாருங்கள், எனக்குச் சிக்கல் அந்த வரியில்தான்.

நான் 13 வருடமாக இந்த ஊருக்கு வடக்கே இருக்கிறேன். ஆபீஸ் டவுன்டவுனில். தினமும் ஐ-75 ஹைவே வழியாகத்தான் போக வேண்டும். டவுன்டவுன் நெருங்கும்போது வலப்பக்கம் யூனியன் டெர்மினல் ரயில் நிலையத்தின் பெரிய அரைவட்ட முகப்பு தெரியும், ரோட்டின் இரண்டு பக்கமும் கிடங்கு, லாரி ஷெட், பார்க்கிங். குவீன்ஸ்கேட் என்று பெயர். ஆறு வருடம் அப்படியே கடந்து போயிருக்கிறேன், அங்கே என்ன இருந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. 2017-ல்தான் அந்தப் படங்களைப் பார்த்தேன்.

அவை கலைக்காக எடுத்தவை இல்லை, பத்திரிகைக்கும் இல்லை. நகராட்சியே 1959-ல் எடுத்தது. கென்யன்-பார் என்று அந்த இடிப்புத் திட்டத்துக்குப் பெயர், கென்யன் அவென்யூ, பார் ஸ்ட்ரீட் என்ற இரண்டு தெருக்களின் பெயரைச் சேர்த்து வைத்தது. இடிக்கப்போகும் ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் தொப்பி போட்ட ஓர் ஆள் எண் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், இன்னொருவர் படம் எடுப்பார், அடுத்த வீட்டுக்குப் போவார்கள். இப்படி சுமார் 2,700 படம். இடித்தது ஏறத்தாழ 2,800 கட்டடம், வெளியேறியவர்கள் 25,737 பேர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

இடிப்பதற்கான ஃபைலுக்காக எடுத்த படம் அது. அதில் காரை பெயர்ந்த சுவர் முதலில் கண்ணில் படாமல் வேறு என்ன படும்? இடித்த இடத்தில் பிறகு ரிவர்ஃப்ரண்ட் ஸ்டேடியம் வந்தது, அதையும் 2002-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். எது பிழைத்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, இரவு

இன்னொன்று சொல்ல விட்டுப்போச்சு. அந்தப் படங்களில் ஆட்களும் இருக்கிறார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை. பலகைக்காரரைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மாடி ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு அம்மா கீழே பார்க்கிறார். கடை வாசலில் கைகட்டி ஒருவர். படம் எடுத்தவர்களுக்கு அவர்கள் தேவைப்படவே இல்லை. இன்று நான் பார்ப்பதோ அவர்களை மட்டும்தான்.

6 பிப்ரவரி

மேலே ஸ்டேடியம் பற்றி எழுதியது தப்பு. இரண்டு வெவ்வேறு இடத்தைக் குழப்பிவிட்டேன். இதே குழப்பம் இங்கே பிறந்து வளர்ந்தவர்களிடமும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஊருக்குத் தெற்குப் பக்கம் ஒஹாயோ ஆறு. அக்கரை கென்டக்கி மாநிலம். இக்கரையில் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த பகுதி ஒன்று, அங்கே படகுத்துறை, மொத்தக் கடைகள், கிடங்குகள். அதற்கு மேலே கொஞ்சம் உயரத்தில் டவுன்டவுன். டவுன்டவுனுக்கு மேற்கே, மில் கிரீக் ஓடை வரைக்கும் வெஸ்ட் எண்ட். கென்யன்-பார் இந்த வெஸ்ட் எண்டின் கீழ்ப்பாதி. ரிவர்ஃப்ரண்ட் ஸ்டேடியம் வந்தது ஆற்றங்கரையில், அது தனித் திட்டம். ஆற்றங்கரைக்கும் டவுன்டவுனுக்கும் நடுவே 1961-ல் ஃபோர்ட் வாஷிங்டன் வே என்ற ஹைவேயைத் திறந்தார்கள். ஆற்றால் பிறந்த ஊர், நடந்துபோய் ஆற்றைப் பார்க்க முடியாத ஊராகிவிட்டது. 1998-ல் ஆரம்பித்து அந்த ரோட்டைக் குறுக்கித் திரும்பக் கட்டிய பிறகுதான் கொஞ்சம் வழி கிடைத்தது.

ஸ்டேடியத்துக்கும் வெஸ்ட் எண்டுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. ரெட்ஸ் பேஸ்பால் அணி அதற்கு முன் விளையாடிய கிராஸ்லி ஃபீல்ட் மைதானம் வெஸ்ட் எண்டில்தான் இருந்தது. 1970 ஜூன் 24-ல் அங்கே கடைசி ஆட்டம், ஜூன் 30-ல் ஆற்றங்கரையில் முதல் ஆட்டம். சுற்றியிருந்த வீடுகள் போய்ப் பத்து வருடம் ஆன பிறகு மைதானமும் போயிற்று.

கிராஸ்லி ஃபீல்ட் என்றதும் ஒரு படம் ஞாபகம் வருகிறது. 1937 ஜனவரி வெள்ளம், ஆறு 80 அடிக்கு ஏறி நின்றது. மைதானம் முழுக்கத் தண்ணீர். ரெட்ஸ் பந்துவீச்சாளர் லீ கிரிஸமும் மைதானப் பராமரிப்பாளர் மேட்டி ஷ்வாபும் ஒரு சின்னப் படகில் மைதானச் சுவருக்கு மேலேயே துடுப்புப் போட்டுப் போகிறார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த படம் அது. அதே தண்ணீர்தான் சுற்றுத் தெருக்களிலும் ஏறியது. அந்த வீட்டுக்காரர்களின் படம் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று ஆபீஸில் நாலு பேரைக் கேட்டேன். ஒருவருக்கும் இல்லை.

9 பிப்ரவரி

"இந்த ஊரின் மிகப் பழைய படம் எது" என்று கேட்டிருந்தீர்கள். மிகப் பழையதா என்று பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் இதற்கு இணையான ஒன்று உலகத்திலேயே குறைவு.

1848 செப்டம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. சார்ல்ஸ் ஃபான்டெய்ன், வில்லியம் போர்ட்டர் என்ற இரண்டு பேர் அக்கரையில் நியூபோர்ட்டில் ஒரு கூரை மேல் ஏறி, கேமராவை வரிசையாகத் திருப்பித் திருப்பி எட்டு டாகெரோடைப் எடுத்தார்கள். டாகெரோடைப் என்றால் வெள்ளி பூசிய செப்புத்தகடு. நெகட்டிவ் கிடையாது, அந்தத் தகடேதான் படம், இன்னொரு பிரதி இல்லை. எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சுமார் இரண்டு மைல் ஆற்றங்கரை அப்படியே விரிகிறது. இன்று அவை ஊர்ப் பொது நூலகத்தில் இருக்கின்றன. ரோச்செஸ்டரில் உள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மேன் ஹவுஸ் என்ற புகைப்பட அருங்காட்சியகம் சுத்தம் செய்து, நுண்ணோக்கி வைத்துப் பதிவு செய்து கொடுத்தது.

தேதி எப்படித் தெரிந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தகட்டில் யாரும் தேதி எழுதவில்லை. கரையில் நிற்கும் நீராவிப் படகுகளின் பெயர்களைப் படித்து, எந்தப் படகு என்றைக்குத் துறையில் இருந்தது என்று அந்தக் காலப் பதிவுகளோடு ஒப்பிட்டு, ஆற்றின் நீர்மட்டத்தையும் சேர்த்துப் பார்த்து அந்த நாளைப் பிடித்தார்கள். தூரத்தில் ஒரு மணிக்கூண்டு உண்டு. தகட்டில் அதன் முகம் ஒரு மில்லிமீட்டர்கூடப் பெரிதாக இருக்காது. பெரிதாக்கினால் முள் தெரிகிறது, இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் குறைவு.

நூலகத்தில் திரையில் விரலால் பெரிதாக்கிப் பார்க்கலாம். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. மணியைக் கண்டுபிடித்த பிறகு அவள் இறங்கி ஒவ்வொரு வீட்டு ஜன்னலாகப் போக ஆரம்பித்தாள், நூலகம் மூடும் நேரம் வந்தும் கிளம்ப மாட்டேன் என்று ஒரே அடம்.

10 பிப்ரவரி

நேற்று எழுதியதை இன்று காலையில் படித்தபோது ஒன்று உறைத்தது. 1848 படத்தில் இருப்பதும் மர வீடு, சேறான கரை, அழுக்குச் சுவர்தான். அதைப் பார்த்து யாரும் சேரி என்று சொல்வதில்லை, செழித்த துறைமுகம் என்கிறார்கள். 1848-ல் படம் எடுத்தவர்கள் அக்கரையில் நின்று முழு ஊரையும் பெருமையாக எடுத்தார்கள். 1959-ல் வாசல் முன்னால் நின்று ஒவ்வொரு வீடாக எடுத்தார்கள், நடுவில் எண் பலகை. தூரமும் பலகையும் நம் கண்ணை எந்த அளவுக்குத் திருப்பிவிடுகின்றன என்று நீங்களே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

17 பிப்ரவரி

இன்று யூனியன் டெர்மினலுக்குப் போனேன். 1933-ல் திறந்த ரயில் நிலையம், ரயில் குறைந்து 1972-ல் நின்றுபோய், 1990-ல் இருந்து அருங்காட்சியகம். கென்யன்-பார் படங்கள் இருப்பது இங்கேதான். படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்து முகப்புப் படியில் நின்றால், கண்ணுக்கு எதிரே அந்தப் படங்கள் எடுத்த நிலம். கிடங்கும் ஹைவேயும், அதற்கு அப்பால் டவுன்டவுன் கோபுரங்கள். எனக்கு அங்கே கொஞ்ச நேரம் கால் நகரவில்லை.

உள்ளே வினோல்ட் ரைஸ் செய்த மொசைக் சுவரோவியங்கள் உண்டு. அவர் ஊர்த் தொழிற்சாலைகளுக்குப் போய் நிஜத் தொழிலாளர்களைப் படம் எடுத்து, அந்தப் போட்டோக்களை வைத்துத்தான் தொழிலாளர் மொசைக்குகளைச் செய்தார். ரயில் மேடைக்குப் போகும் நீண்ட கூடத்தை 1970-களில் இடிக்க வந்தபோது, மக்கள் பணம் திரட்டி, ஒவ்வொன்றும் பல டன் எடையுள்ள 14 மொசைக்குகளைப் பெயர்த்து விமான நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ரொம்ப நல்ல காரியம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அப்படி ஒரு கூட்டம் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் எதிர்த்தெருவுக்கும் திரண்டிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

25 பிப்ரவரி

முதல் நாள் எழுதியதை இப்போது கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். போன வாரம் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். இந்தப் படங்களைப் பார்க்கத்தான் அவரும் வந்திருந்தார். கென்யன்-பார் தெரு ஒன்றில் பத்து வயது வரை இருந்தவர்.

நான் என் ஆற்றாமையைக் கொட்டினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, மாடியில் மூன்று குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ், அதுவும் நடையில், குளிர்காலத்தில் குழாய் உறைந்துவிடும் என்றார். வாடகை வாங்க மட்டும் வரும் வீட்டுக்காரர் ஒருநாளும் எதையும் சரிசெய்து கொடுத்ததில்லை. நகராட்சி வீடு மாற்றித் தருகிறது என்று கேட்டபோது அவர் அம்மாவுக்குச் சந்தோஷம்தானாம்.

அப்போது நான் சொன்னது தப்பா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். அவான்டேல் என்ற பகுதிக்குப் போனார்கள். வீடு பெரிசு, வாடகையும் பெரிசு. பழைய தெருவில் தேவாலயமும் மளிகைக் கடையும் முடிவெட்டும் கடையும் அத்தை வீடும் நடக்கிற தூரம். புதிய இடத்தில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு இரண்டு பஸ். பழைய தேவாலயமும் இடிந்துபோய், அது எங்கே மாறியது என்று கண்டுபிடிக்கவே ஒரு வருடம் ஆனதாம். அம்மா அழுதது அதற்குத்தான், வீட்டுக்கு இல்லை.

ஆகவே கேள்வி கேட்ட நண்பரே, சுவர் மோசமாக இருந்தது என்பதில் உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. சுவரைப் பற்றி மட்டும் நாம் இருவரும் பேசிக்கொண்டிருந்ததுதான் கோளாறு.

26 பிப்ரவரி

"ஊர் பிழைத்தது" என்பதற்கு மட்டும் தனியாகப் பதில் சொல்கிறேன். 1948-ல் நகரம் ஒரு பெருந்திட்டம் போட்டது. ஹைவே எங்கே வரும், எந்தப் பகுதி போகும் என்று அதிலேயே இருந்தது. அடுத்த வருடமே மத்திய அரசின் 1949 வீட்டுவசதிச் சட்டம் வந்தது. ஒரு பகுதி "சீரழிந்தது" என்று நகராட்சி அறிவித்தால், நிலம் வாங்கி இடித்துத் திரும்ப விற்பதில் வரும் நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு தரும். இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் எந்த நகராட்சியின் கண்ணுக்கும் சீரழிவு கூடுதலாகத்தான் தெரியும். எண் பலகை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

1950-ல் நகரத்தின் மக்கள்தொகை 5,03,998. 2020-ல் 3,09,317. புறநகருக்குக் குடிபெயர்ந்ததுதான் பெரிய காரணம், எல்லாப் பழியையும் இடிப்பின் மேல் போட மாட்டேன். ஆனால் வெளியேறிய 25 ஆயிரம் பேரும் ஏற்கெனவே நெருக்கமாக இருந்த அவான்டேல், வால்நட் ஹில்ஸ், எவன்ஸ்டன் பகுதிகளில் போய் நெருக்கியடித்தார்கள். 1967-லும் 68-லும் அவான்டேலில் கலவரம் வெடித்தது. அதற்குக் காரணங்கள் பல, இந்த நெரிசலும் அதில் ஒன்று என்பது என் கருத்து.

நகரசபை 2023-ல் வெஸ்ட் எண்ட் மக்களிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 2021-ல், அதே வெஸ்ட் எண்டில் புதிய கால்பந்து மைதானம் திறந்திருந்தது.

2 மார்ச்

ஒரு நண்பர் சுரங்க ரயில் படங்களைப் பற்றிக் கேட்டார். ஆமாம், இந்த ஊரில் சுரங்க ரயில் பாதை உண்டு, ரயில்தான் இல்லை. பழைய மயாமி-ஈரி கால்வாயின் தண்ணீரை வடித்துவிட்டு, அந்தப் பள்ளத்திலேயே 1920-ல் சுரங்கம் கட்ட ஆரம்பித்தார்கள், பணம் தீர்ந்து நின்றுவிட்டது. மேலே 1928-ல் சென்ட்ரல் பார்க்வே சாலையைத் திறந்தார்கள். கீழே சுரங்கத்தில் ஒரு பயணிகூடப் போனதில்லை.

அந்த வேலையின்போதும் பாதையோரக் கட்டடங்களின் நிலையைப் பதிவு செய்ய நகராட்சி ஆயிரக்கணக்கில் படம் எடுத்தது. இப்போது சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அதுவும் ஃபைலுக்காக எடுத்ததுதான். விரிசல் விட்ட அடித்தளத்தைக் காட்ட எடுத்த படத்தின் ஓரத்தில் ஐஸ் வண்டி, கடைப் பலகை, துணி காயும் கொடி. ஊரின் அன்றாட வாழ்க்கையை எடுக்க வேண்டும் என்று கிளம்பியவர்கள் எடுத்ததைவிட இவை எனக்கு அதிகம் சொல்கின்றன.

3 மார்ச்

விழாப் படங்களையும் விட்டுவிடக் கூடாது, அதுவும் ஊர்தானே. ஃபவுண்டன் ஸ்கொயர் எடுத்துக்கொள்ளுங்கள். ஹென்றி ப்ரோபாஸ்கோ என்ற வியாபாரி தன் மைத்துனர் டைலர் டேவிட்சன் நினைவாக மியூனிக்கில் வெண்கலத்தில் வார்க்கச் சொல்லிக் கொண்டுவந்த நீரூற்று, 1871 அக்டோபர் 6-ல் திறப்பு. அதற்கு இடம் வேண்டி அங்கிருந்த கசாப்புக்காரர் சந்தையை இடித்தார்கள். அப்போதும் சண்டை நடந்திருக்கிறது, ஆக இந்தக் கதை 1959-ல் புதிதாக ஆரம்பித்ததில்லை.

பழைய படங்களில் அந்த வெண்கலப் பெண் கிழக்கே பார்த்து நிற்பாள். 1970-ஐ ஒட்டிச் சதுக்கத்தைத் திருத்தியபோது மேற்கே திருப்பினார்கள், 2006-ல் மறுபடியும் இடம் மாற்றினார்கள். எதிரே ஆல்பி தியேட்டர், 1927-ல் திறந்து 1977-ல் இடித்தது. அதன் வாசல் வளைவை மட்டும் காப்பாற்றி மாநாட்டு மையத்தின் சுவரில் பதித்தார்கள். ஒரு படம் எந்த வருடத்தது என்று தெரியவில்லையா, சிலை எந்தப் பக்கம் பார்க்கிறது, பின்னால் ஆல்பி இருக்கிறதா என்று பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும்.

30 மார்ச்

பெரியவர் கூப்பிட்டார். அவர் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டோம். இரண்டு மாலை முழுக்க உட்கார்ந்து தேடினோம். பலகையில் இருப்பது வீட்டு எண் இல்லை, நகராட்சி போட்ட வரிசை எண், அதனால் முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை. மறுநாள் முனையில் இருந்த மருந்துக்கடையின் பெயர்ப்பலகையை அவர் அடையாளம் கண்டார். அங்கிருந்து படம் படமாக நகர்ந்து ஐந்தாவது படம்.

செங்கல் வீடு. மூன்று மாடி. வாசலில் நாலு படி, மூன்றாவது படியின் வலது ஓரம் உடைந்திருக்கிறது. இரண்டாம் மாடி ஜன்னல் விளிம்பில் காபி டப்பாவில் வைத்த செடி, இரண்டு டப்பா. அவர் விரல் அந்த டப்பாக்களுக்கு மேல் நின்றுவிட்டது. அம்மாவுடையது என்றார். படத்தில் அவர்கள் வீட்டு ஆள் யாரும் இல்லை. வாசலுக்கு நேர் எதிரே பலகைக்காரர் மட்டும், பாதிக் கதவை மறைத்துக்கொண்டு.

பிரதி எடுத்துத் தருகிறேன் என்றேன். பலகையையும் அந்த ஆளையும் வெட்டிவிட்டுக் கொடு என்றார். எனக்குத் திக்கென்றது. இரண்டு மாதமாக இங்கே நான் எழுதியதெல்லாம் அந்தப் பலகை என்ன சொல்கிறது என்றுதானே. அதுதானே சாட்சி, இருக்கட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டப்போகிறாராம், தினமும் காலையில் அவன் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றார். அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை.

ஆளை முழுதாக வெட்டினால் கதவும் போய்விடும். அதனால் மேல் பாதியை மட்டும் எடுத்துப் பெரிதாக்கினேன். ஜன்னல், விளிம்பு, இரண்டு டப்பா, கொஞ்சம் செங்கல். முழுப் படத்தை எனக்கு ஒரு பிரதி போட்டு வைத்திருக்கிறேன். அவருடையதை நாளை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், படச்சட்டம் மட்டும் இன்னும் வாங்கவில்லை.